மந்திகோரா என்னும் விலங்கு

உரோமர் நூல்களில் மந்திகோரா என்றொரு விலங்கு வருகின்றது. மனித முகமும் சிங்க உடலும் குருதி நிறமும் உடையது; மூன்று வரிசைப் பற்களும், தேள்போற் கொட்டும் வாலும் அதற்கு உண்டு. மனித ஊனையே பெரிதும் விரும்புமாம்! கி.பி. 77-இல் வெளிவந்த பிளினியின் இயற்கை வரலாறு எட்டாம் பகுதியில் இதனை வருணிக்கின்றது.

ஒற்றைக் கொம்பு விலங்கைக் குறிக்கும் யூனிகார்னிஸ் என்பதை இலத்தீன் கற்றோர் எளிதில் பிரித்து, 'ஒன்று', 'கொம்பு' எனப் பொருள் கூறிவிடுவர். மந்திகோரா அங்ஙனம் பிரியாது. அது பாரசீகச் சொல். அதனாற் குறிக்கப்பெற்ற விலங்கோ நம் நாட்டினது.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக மன்னனுக்கு மருத்துவராயிருந்த டீசியஸ் என்னும் கிரேக்கர், இந்தியாவைக் காணாமலே, அரசவையிற் கேட்டவற்றைக் கொண்டு 'இந்திகா' என்னும் நூலை இயற்றினார். அதில் இவ்விலங்கை மர்த்திகோரா என்றார். 'மர்த்திய' என்பது மனிதன். வடமொழி 'மர்த்திய' இதற்கு உடன்பிறப்பு. எஞ்சிய பகுதி உண்ணுதலைக் குறிக்கும். வடநாட்டில் வாழும் நமக்கு இப்பகுதி புதிதன்று. கைக்கூலி வாங்குவோனைக் 'கூஸ்கோர்' என்று ஏசுவதை நாம் கேட்டிருக்கின்றோம். மனிதரைத் தின்னும் புலியை இந்தி நாளிதழ்கள் 'ஆதம்கோர்' என்றே எழுதுகின்றன. ஆகவே மர்த்திகோரா என்பது ஆட்கொல்லியே.

டீசியஸ் இப்பொருளைக் கிரேக்கத்திலும் எழுதி வைத்திருந்தார். பிளினியோ பொருளை விடுத்துப் பெயரை மட்டும் கொண்டார். அப்பெயரும் ஏடுகள் வழியே வருகையில் ரகரம் னகரமாகத் திரிந்து மந்திகோரா ஆயிற்று. பொருள் மறைந்தபின் அச்சொல்லைத் தட்டிக் கேட்பார் யார்?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பௌசானியஸ் என்னும் கிரேக்கர் கேட்டார். இது புலியே, மூவரிசைப் பல்லும் கொடுக்கும் அவ்விலங்கின்பாற் கொண்ட அச்சத்தால் மக்கள் கட்டியவை என்பது அவர் கருத்து. நமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

உரோமர் புலியை அறியாதவரல்லர். கி.மு. 11-இல் அகஸ்டஸ் பழக்கிய புலியொன்றைக் கூண்டிலிட்டுக் காட்டினார் என்று பிளினியே கூறுகின்றார். அதன் பெயர் டிக்ரிஸ். அம்பு என்னும் பொருளுடைய ஆர்மீனியச் சொல் அது என்பார் வர்ரோ. இவ்வாறு ஒரே விலங்கு இரு பெயர் பூண்டு, இரு விலங்காய் ஒரே நூலுள் நுழைந்தது. இடைக்கால இங்கிலாந்தின் விலங்குச் சுவடிகளிலும் அவை தனித்தனியே நிற்கின்றன. ஓர் ஏட்டில் புலி கண்ணாடியிற் கண்ட தன் உருவைக் குட்டியென எண்ணி மயங்குகின்றது. மற்றோர் ஏட்டில் மந்திகோரா மனித முகத்துடன் விழிக்கின்றது.