கண்காட்சிக் கட்டடமும் ஒரு கூடாரமும்: தில்லியின் ஏழைக் குழந்தைகளுக்குக் கலை வந்த வரலாறு

1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டையொட்டித் தில்லி ராஜ்காட் அருகே கண்காட்சி வளாகம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. செங்கல் சுமந்த பெண்களின் கைக்குழந்தைகள் அங்கேயே மண் குவியல்களுக்கும் சரளைக்கல்லுக்கும் நடுவில் கிடந்தனர். இதைக் கண்ட இந்தி நாவலாசிரியை மீரா மகாதேவன் அத்தளத்திலேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கினார். கட்டடப் பணி முடிந்து தொழிலாளர் அடுத்த தளத்துக்குப் பெயரும்போது காப்பகமும் உடன் பெயர வேண்டும் என்பதே திட்டம். ‘மொபைல் கிரெஷஸ்’ என்னும் பெயரின் பொருளும் அதுதான்.

பாலும் குளியலும் மருந்தும் முதல் தேவைகளாயிருந்தன. எனினும் பாட்டு, கதை, களிமண், வண்ணம் ஆகியவை வசதி வந்தபின் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடப்படவில்லை. பராமரிப்பின் பகுதியாகவே அவை கொள்ளப்பட்டன. இக்குழந்தைகளின் வீட்டுமொழி புந்தேலியாகவோ சத்தீஸ்கரியாகவோ மைதிலியாகவோ இருக்கலாம். ஆசிரியையின் மொழி தில்லி இந்தி. சொல் புரிவதற்கு முன்பே தாளம் புரிகிறது. கைதட்டவும் தலையாட்டவும் சேர்ந்து பாடவும் இலக்கணம் தேவையில்லை. புதிய ஊரில், புதிய மொழிக்கு நடுவில் நிற்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு ‘நீயும் எங்களுள் ஒருத்தி’ என்று முதலில் சொல்லக்கூடியது பாட்டே என்பது மொழியியல் பயின்ற என் கருத்து.

இவ்வரலாற்றில் தமிழர் அறிய வேண்டிய பெயர் ஒன்றுண்டு. முன்பருவக் குழந்தைகளின் வளர்ச்சி குறித்து மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த ஆய்வுக்குழு 1972இல் அறிக்கை அளித்தது. அக்குழுவின் தலைவர் மீனா சுவாமிநாதன். ‘வாசவேஸ்வரம்’ எழுதிய கிருத்திகாவின் மகள். பள்ளிகளில் நாடகத்தின் இடம் குறித்து நூல் எழுதியவர். ஊட்டம், உடல்நலம், விளையாட்டுவழிக் கல்வி ஆகிய மூன்றையும் பிரிக்கக்கூடாது என்ற சிந்தனை இக்காலத்தில் வலுப்பெற்றது. 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளுள் முன்பருவக் கல்வியும் ஒன்றாக இடம்பெற்றது.

ஆனால் திட்டம் நாடெங்கும் விரிந்தபோது, எண்ணக்கூடியவை நிலைத்தன. எண்ண இயலாதவை தேய்ந்தன. எடையைத் தராசில் காணலாம், தடுப்பூசியைப் பதிவேட்டில் குறிக்கலாம், சோற்றை அளந்து வழங்கலாம். ஒரு குழந்தை அச்சம் தணிந்து பாடத் தொடங்கியதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அங்கன்வாடியின் சேவைகளுள் மிக நலிந்தது முன்பருவக் கல்விதான் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் குறை.

எண்ண இயலாததை எண்ணும் முயற்சி பிற்காலத்தில் பிலடெல்பியாவில் நடந்தது. அங்குள்ள செட்டில்மென்ட் இசைப்பள்ளி நடத்தும் முன்பருவப் பள்ளியில், இசை, நடனம், ஓவியம் ஆகியவை அன்றாட வகுப்புகள். எலினார் பிரவுன் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அங்கு பயின்ற 310 ஏழைக் குழந்தைகளின் உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது மிகும் கார்ட்டிசால் சுரப்பை அளந்தனர். 2017இல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, வழக்கமான வகுப்புகளுக்குப் பின் இருந்ததைவிடக் கலை வகுப்புகளுக்குப் பின் அதன் அளவு குறைந்திருந்தது.

இந்த ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவர். ஆனால் அதன் ஒரு நுட்பம் கவனிக்கப்படுவது குறைவு. கல்வியாண்டின் தொடக்கத்தில் அந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆண்டின் நடுவிலும் இறுதியிலுமே தெரிந்தது. ஆக, கலை ஒரு வேளை மருந்தன்று. அதே ஆசிரியை, அதே பாட்டு, அதே நேரம் என்று நாள்தோறும் திரும்ப வருவதன் உறுதியோடு சேர்ந்தே அது பயன் தருகிறது என்று கொள்ள இடமுண்டு. குழந்தைகள் தினத்தன்று ஒரு பிற்பகல் வண்ணம் பூசவைத்துப் படம் எடுப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

தில்லியின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. கலைக்குக் காலம் வேண்டும். கட்டுமானத் தொழிலாளியின் குழந்தைக்கு இல்லாதது அதுவே. பழகிய பாட்டை விட்டு அக்குழந்தை சில மாதங்களில் வேறு தளத்துக்கோ சொந்த ஊருக்கோ போய்விடுகிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் உள்ள தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் கூறியது. அந்த விதி இடவசதி, வெளிச்சம், காற்றோட்டம், தூய்மை, பயிற்சி பெற்ற பெண் பணியாளர் ஆகியவற்றைக் குறிப்பிட்டது. விளையாட்டைக் குறிப்பிடவில்லை. குழந்தை அடுத்த தளத்திலும் இதைத் தொடருமா என்ற கேள்வியும் அதில் எழவில்லை. 1969இன் கூடாரம் குடும்பத்தோடு நகர நினைத்தது. சட்டம் அறையோடு நின்றுவிட்டது.

கலை கூலியை உயர்த்தாது. இடிக்கப்பட்ட குடிசையை மீட்டுத் தராது. வறுமையை அப்படியே விட்டுவைத்து அதன் பதற்றத்தை மட்டும் தணிக்கும் மலிவான வழியாக அதை அரசுகள் கைக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஆயினும் சோறா, பாட்டா என்ற கேள்வியே பிழையானது. வசதியுள்ள வீட்டில் அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை.

தில்லியின் சமூக வரலாற்றை ஆயும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டப்பட்ட மேம்பாலங்களுக்கும் அரங்குகளுக்கும் கோப்புகள் உள்ளன. அவற்றின் அடியில் குழந்தைகளோடு பாடிய பெண்களின் நினைவுகள் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கின்றன. முதல் தலைமுறையினர் முதுமையில் இருக்கிறார்கள். எந்தப் பாட்டு, எந்த மொழியில், எந்தத் தளத்தில் பாடப்பட்டது என்பதை இப்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.