அமெரிக்க பள்ளிகளில் 'ஹானர்ஸ்' இங்கிலீஷ்: மார்க் எப்படி போடுறாங்க?

அமெரிக்காவின் பல உயர்நிலைப் பள்ளிகளில், சாதாரண ஆங்கில வகுப்போடு 'ஹானர்ஸ்' என்ற கடினமான வகுப்பும் உண்டு.

எதிர்பார்ப்பு என்ன?
நாவல், நாடகம் என வாசிப்பு அதிகம். கதைச் சுருக்கம் எழுதினா மார்க் வராது. சொந்தக் கருத்தை, நூலில் இருந்து ஆதாரம் காட்டி எழுதணும்.

மார்க் யார் போடுவாங்க?
ஹானர்ஸுக்குனு நாடு முழுக்க ஒரே தேர்வு கிடையாது. கட்டுரை, டெஸ்ட், வகுப்பு விவாதம் எல்லாம் சேர்த்து ஆசிரியரே கிரேடு தருவார்.

லாபமா, நஷ்டமா?
'ஏ' கிரேடுக்கு 4 புள்ளி, 'பி'க்கு 3. ஹானர்ஸுக்கு பல பள்ளிகள் 0.5 கூட்டித் தரும். அப்போ ஹானர்ஸ் 'பி' 3.5 தான், சாதாரண 'ஏ'வை விடக் குறைவு!

ஆனா, மாணவர் கடினமான பாடம் எடுத்தாரா என்பதையும் பல கல்லூரிகள் பார்க்கும்.