அழைப்புப் பயிற்சி (நாய்)

கயிறு இல்லாமல் உலாவும் நாய், பெயர் சொல்லி அழைத்ததும் எதையும் விட்டுவிட்டுத் திரும்பி வரப் பழக்கும் முறை. அசைவதைக் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை இனங்களுக்கு இது இன்றியமையாதது. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்தின் முதோள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

முறை: பயிற்சி வீட்டுக்குள் தொடங்கும். பெயரும் ‘வா’ என்ற ஒரே சொல்லும் போதும். வந்தவுடன் வேகவைத்த கோழித்துண்டு தரவேண்டும். அடுத்து மூடிய முற்றம். பிறகு, சுமார் 10 மீட்டர் நீளக் கயிற்றைத் தரையில் இழுபடவிட்டுத் திறந்தவெளி. வந்த நாயைப் பிடித்து, தட்டிக்கொடுத்து, மீண்டும் ஓடவிட வேண்டும். அழைப்பென்றாலே ஆட்டம் முடிந்தது என்று நினைத்துவிட்டால் நாய் வராது. தாமதமாக வந்தாலும் அடிக்கவோ அதட்டவோ கூடாது.

இடமும் காலமும்: கர்நாடகத்தில், பூதிகோட்டை உள்ளிட்ட கோலார் வட்டாரத்தில் அறுவடை முடிந்த கேழ்வரகு வயல்கள், உரிமையாளர் இசைந்தால், ஓட்டத்துக்கு ஏற்றவை. சாலை, ஆட்டுமந்தை, மூடப்படாத கிணறு அருகில் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. கோடையில் விடியற்காலையே நல்லது. வெயிலில் ஓடும் நாய்க்கு வெப்பத்தாக்கு உயிருக்கே ஆபத்து.

சட்டம்: முயல், மான் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். துரத்தத் தொடங்கிய நாயையும் திருப்பும் பயிற்சி, நாயோடு காட்டுயிரையும் காக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாத நாயை வெளியே அவிழ்த்துவிடக் கூடாது.