காத்திருந்தோர் எதற்காகக் காத்திருந்தனர்? – ஆடம் ஆஸ்போர்னும் அடுத்த சில்லும்

கணினி வணிகத்தில் ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்றொரு சொல்வழக்கு உண்டு. நாளை வரவிருக்கும் பொருளைப் பற்றி இன்றே பெருமை பேசினால், இன்று கடையில் இருக்கும் பொருளை வாங்க ஆள் வரமாட்டார். வருவாய் நின்று, நாளைய பொருளைச் செய்து முடிக்கும் முன்னரே நிறுவனம் மூழ்கிவிடும் என்பது அதன் பொருள். புதிய நுண்செயலியுடன் கூடிய மடிக்கணினிகள் இன்னும் சில மாதங்களில் வருகின்றன என்ற அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் இச்சொல்லைத் தூசு தட்டி எடுத்து எச்சரிப்பது வழக்கம்.

அந்தச் சொல்லுக்குப் பெயர் கொடுத்த மனிதர் அருணாசல மலையடியில் வளர்ந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? முடிச்சூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்குப் பேருந்து பிடிப்போர் பலர். அவர்கள் வலம் வரும் பாதையில், ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில், உலகின் முதல் வெற்றிகரமான கையெடுப்புக் கணினியை விற்ற ஆடம் ஆஸ்போர்ன் சிறுவனாக ஓடி விளையாடியிருக்கிறார். வெளிநாட்டுப் பாடநூல்களில் ஒரு பிழைக்கு உதாரணமாக மட்டும் நிற்கும் அவரை, நம் ஊர்க்காரராகவும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அவ்வாறு பார்க்கையில், அந்தப் பிழையின் கதையே சற்று வேறாகத் தோன்றுகிறது.

ஆடம் 1939-இல் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். தாய் லூசியா போலந்து நாட்டவர். ரமண மகரிஷியின் வரலாற்றை ஆங்கில உலகுக்கு எழுதியவரும், 1964-இல் ஆசிரமத்தின் ‘மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கியவரும் இந்த ஆர்தரே. இரண்டாம் உலகப் போரின்போது அவர் சயாமில் ஜப்பானியரின் தடுப்புக் காவலில் சிக்கிக்கொள்ள, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் தங்கினர். போர் முடிந்த பின்பே தந்தை வந்து சேர்ந்தார். ஆடம் அங்கே தமிழைச் சரளமாகப் பேசக் கற்றார். பின்னர் இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்.

வேதிப் பொறியாளர் கணினிக்கு வந்தது எழுத்தின் வழியாக. நுண்செயலி என்ற பொருள் பிறந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த 1975-இல், அதைப் பற்றிய ஓர் அறிமுக நூலை எழுதினார். ஐ.எம்.எஸ்.ஏ.ஐ. என்னும் நிறுவனம் தான் விற்ற கணினிகளுடன் அந்நூலையும் சேர்த்துக் கொடுத்தது. ஆஸ்போர்ன் சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கினார். 1979-இல் அதை மெக்ரா-ஹில் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பத்திரிகைகளில் சில்லுத் தயாரிப்பாளர்களையும் கணினி நிறுவனங்களையும் கூசாமல் விமர்சித்து வந்தவர், ‘நீரே ஒன்று செய்து காட்டும்’ என்ற சவாலுக்கு விடை சொல்வதுபோல, பொறியாளர் லீ ஃபெல்சன்ஸ்டைனின் துணையுடன் ஒரு கணினியை உருவாக்கினார்.

அதுதான் 1981 ஏப்ரலில் அறிமுகமான ஆஸ்போர்ன் 1. ஏறத்தாழ 11 கிலோ எடை. தையல் இயந்திரப் பெட்டி போன்ற உருவம். விமான இருக்கைக்கு அடியில் அடங்கும் அளவு. திரை ஐந்தே அங்குலம். உள்ளே 4 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஜைலாக் இசட்80 நுண்செயலியும் 64 கிலோபைட் நினைவகமும். விலை 1,795 டாலர். வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் உள்ளிட்ட மென்பொருள்களும் அந்த விலைக்குள்ளேயே அடங்கின. அவற்றைத் தனித்தனியாக வாங்கினால் கணினியின் விலையை நெருங்கும் தொகையாகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இசட்80 புதிய சில்லு அன்று, 1976-இல் வெளிவந்தது. ஐந்தாண்டு பழைய சில்லை ஆஸ்போர்ன் தெரிந்தே தேர்ந்தெடுத்தார். மலிவாகக் கிடைத்தது, அதற்கான மென்பொருள் ஏராளமாக இருந்தது, அதன் குணமும் குற்றமும் எல்லாருக்கும் தெரிந்திருந்தன. வேலைக்குப் போதுமானதாக இருந்தால் போதும், அதற்கு மேற்பட்ட மினுக்கு வேண்டாம் என்பது அவர் கொள்கை. ‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்ற நம் பழமொழியைத் திருவண்ணாமலையில் அவர் கேட்டிருந்தாரோ இல்லையோ, அதையே வணிக விதியாக மாற்றினார். உச்சகட்டத்தில் மாதம் 10,000 கணினிகள் விற்றன.

அடுத்து வருவதுதான் எல்லாரும் சொல்லும் கதை. 1983-இன் தொடக்கத்தில் ஆஸ்போர்ன், தமது அடுத்த மாதிரியான ‘எக்ஸிகியூட்டிவ்’ பற்றிப் பத்திரிகையாளர்களிடமும் விற்பனையாளர்களிடமும் பேசினார். அதைக் கேட்டவர்கள் பழைய மாதிரிக்கான ஆணைகளை நிறுத்தினர். கிடங்கு நிரம்பியது, கல்லா வறண்டது. 1983 செப்டம்பர் 13-ஆம் நாள் நிறுவனம் திவால் மனு அளித்தது. நாவடக்கம் இல்லாததால் கெட்டார் ஒருவர் என்ற நீதியுடன் கதை முடிகிறது.

நீதிக்கதைகள் நினைவில் நிற்பதற்காகச் செய்யப்படுபவை. நடந்ததை முழுதும் சொல்வதற்காக அல்ல. பங்கு வெளியீட்டுக்கு அந்நிறுவனம் ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, இலாபம் என்று நம்பிய இடத்தில் கணக்கு நட்டத்தைக் காட்டியது. கிடங்கில் கிடந்த சுமார் ஒன்றரை இலட்சம் டாலர் மதிப்புள்ள பழைய மின்சுற்றுப் பலகைகளை வீணாக்க மனமின்றி, அவற்றுக்குத் திரையும் பெட்டியும் செய்ய இருபது இலட்சம் டாலர் வரை செலவிட்டார்கள் என்றும் பின்னாளில் ஒரு செய்தி வெளிவந்தது. இப்படிக் கணக்குப் பார்க்கும் இடத்தில், முதலாளி ஊமையாக இருந்திருந்தாலும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

ஆயினும் எனக்கு முதன்மையாகத் தோன்றும் கேள்வி வேறு. வாங்காமல் காத்திருந்தவர்கள் உண்மையில் எதற்காகக் காத்திருந்தனர்?

ஆஸ்போர்ன் 1 அறிமுகமாகி நான்கு மாதங்களில், 1981 ஆகஸ்டில், ஐ.பி.எம். தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. அதன் இதயம் இன்டெல் 8088. இசட்80 ஒரே நேரத்தில் 64 கிலோபைட் நினைவகத்தை மட்டுமே பார்க்க வல்லது; 8088-ஓ ஒரு மெகாபைட் வரை எட்டக்கூடியது. மென்பொருள் எழுதுவோர் ஒருவர் பின் ஒருவராகப் புதிய பக்கம் சாயத் தொடங்கினர். 1982 நவம்பரில் காம்பாக் என்னும் புதிய நிறுவனம், அதே 8088-ஐக் கொண்டு, ஐ.பி.எம். மென்பொருளை அப்படியே ஓட்டும் கையெடுப்புக் கணினியை அறிவித்தது. 1983-இல் அது 53,000 கணினிகளை விற்று 11.1 கோடி டாலர் ஈட்டியது. மறுபுறம் கேப்ரோ என்னும் போட்டியாளர், அதே பழைய இசட்80 சில்லுடன், ஆனால் ஒன்பது அங்குலத் திரையுடன் வந்தார். ஐந்து அங்குலத்தில் கண்ணைச் சுருக்கிப் படித்தவர்களுக்கு அதுவே பெரிய விடுதலை.

ஆக, பெரிய திரையை எதிர்பார்த்தவர்கள் கேப்ரோவிடம் சென்றனர். புதிய சில்லையும் அதனுடன் வரும் மென்பொருளையும் எதிர்பார்த்தவர்கள் காம்பாக்கையும் ஐ.பி.எம்மையும் நாடினர். எக்ஸிகியூட்டிவோ ஏழு அங்குலத் திரையும் 128 கிலோபைட் நினைவகமும் கொண்டிருந்தது. நுண்செயலி மட்டும் மீண்டும் அதே இசட்80 குடும்பம். மக்கள் எதிர்பார்த்த இரண்டில் ஒன்றை அரைகுறையாகவும் மற்றொன்றைக் கொடுக்காமலும் அது வந்தது. ஆஸ்போர்ன் முன்கூட்டிப் பேசியது தீயை விசிறியிருக்கலாம். தீ வேறிடத்தில் பற்றியிருந்தது. 1981-இல் போதுமானதாக இருந்தது 1983-இல் போதவில்லை என்பதே அவருடைய வீழ்ச்சியின் உள்ளுறை என்று நான் கருதுகிறேன். போதும் என்ற அளவு நிலையானது அன்று. அதைச் சில்லும் மென்பொருளும் சேர்ந்து நகர்த்திக்கொண்டே இருக்கின்றன.

முன்னறிவிப்பே கொல்லும் என்றால், ஆப்பிள் நிறுவனம் 2020-இல் மாண்டிருக்க வேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதம், இன்டெல் சில்லுகளைக் கைவிட்டுத் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறப்போவதாக அது வெளிப்படையாகவே சொன்னது. அப்போது கடைகளில் இருந்தவை அனைத்தும் இன்டெல் சில்லு கொண்ட மாக் கணினிகள். எம்1 சில்லு நவம்பரில்தான் வந்தது. ஆயினும் இடைப்பட்ட செப்டம்பர் காலாண்டில் மாக் விற்பனை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. பெருந்தொற்றின் காரணமாக வீட்டிலிருந்து படிக்கவும் உழைக்கவும் வேண்டியிருந்தவர்களுக்குக் கணினி அன்றே தேவைப்பட்டது. தேவை கண்முன் நிற்கும்போது எவரும் காத்திருப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளைச் சூழ்ந்தபோது, தண்ணீரில் மூழ்கிய கணினிக்கு மாற்றுத் தேடியவர் எவரும் அடுத்த சில்லு எப்போது வரும் என்று கேட்டிருக்க மாட்டார்.

அப்படியானால் காத்திருப்பது எப்போதும் வீணா? அதுவும் இல்லை. 2003 மார்ச் 12-ஆம் நாள் இன்டெல் தன் ‘சென்ட்ரினோ’ வரிசையை வெளியிட்டது. அதுவரை மடிக்கணினிகளில் பெரும்பாலும் மேசைக் கணினியின் சில்லைச் சற்றே அடக்கிப் பொருத்தி வந்தார்கள். சூடும் அதிகம், மின்கலமும் விரைவில் தீரும். சென்ட்ரினோவின் பென்டியம் எம் சில்லு மடிக்கணினிக்கென்றே வடிவமைக்கப்பட்டது. குறைந்த மெகாஹெர்ட்ஸில் நிறைய வேலை செய்தது. மின்சாரத்தைச் சிக்கனமாக உண்டது. அதற்காகச் சில மாதங்கள் பொறுத்தவர் ஏமாறவில்லை. எம்1-க்காகப் பொறுத்தவரும் அவ்வாறே.

ஆனால் 2015-க்குப் பிந்தைய ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 10 நானோமீட்டர் உற்பத்தி முறை தள்ளிக்கொண்டே போக, இன்டெல் 14 நானோமீட்டரிலேயே ஆண்டுக்கொரு புதுப்பெயர் சூட்டி வந்தது. 10 நானோமீட்டர் மடிக்கணினிகள் பெருமளவில் சந்தைக்கு வந்தது 2019-இல்தான். இடையில் 2017-இல் மெல்லிய மடிக்கணினிகளின் சில்லுகள் இரண்டு கோரிலிருந்து நான்கு கோருக்கு உயர்ந்தது மெய்யான முன்னேற்றம். மற்ற ஆண்டுகளில் பொறுத்துப் பொறுத்து வாங்கியவர் பெற்றது, பெரும்பாலும் ஒட்டுத்தாளில் மாறிய ஓர் எண்.

இந்த வேறுபாட்டை அறிவது நம்மைப் போன்ற ஊர்களில் வெறும் ஆர்வலரின் பொழுதுபோக்கு அன்று. முடிச்சூர் போன்ற புறநகரில் ஒரு நடுத்தரக் குடும்பம் பொறியியல் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்குவது, சேமிப்பைக் கரைத்தோ மாதத் தவணை ஏற்றோ செய்யும் காரியம். ‘இன்னும் மூன்று மாதம் பொறுங்கள், புது சில்லு வருகிறது’ என்று யாரோ சொல்ல, பிள்ளை முதல் பருவம் முழுவதையும் நண்பனின் கணினியில் கடன் வாங்கிக் கழிக்கிறான். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்கள் பெற்றவற்றில் இருந்தது உச்சரகச் சில்லு அன்று. ஆயினும் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். காத்திருந்து பெறும் சிறந்த சில்லைவிட, படிக்க வேண்டிய நாளில் கையில் இருக்கும் போதுமான சில்லு பெரிது.

ஆகவே அடுத்த அறிவிப்பு வரும்போது, சில்லின் பெயரைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். நான் செய்ய வேண்டிய எந்த வேலை இன்றைய கணினியில் நடக்காது? வரப்போகும் சில்லு அதை நடத்தித் தருமா? முதல் கேள்விக்கே விடை இல்லையென்றால், நாம் காத்திருப்பது சில்லுக்காக அன்று. காத்திருப்பு என்னும் பழக்கத்துக்காக.

ஆஸ்போர்ன் தம் கொள்கையைக் கைவிடவில்லை. 1984-இல் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மலிவுப் பதிப்புப் புத்தகம் போல மென்பொருளையும் குறைந்த விலைக்கு விற்க முயன்றார். அவருடைய விரிதாள் மென்பொருள் தன்னுடையதைப் போலவே இருப்பதாக லோட்டஸ் நிறுவனம் 1987-இல் வழக்குத் தொடுத்தது. 1990-இல் தீர்ப்பு ஆஸ்போர்னுக்கு எதிராக வந்தது. உடல்நலம் குன்றியது. 1992-இல் தமிழகத்துக்கே திரும்பி, கொடைக்கானலில் தம் சகோதரியுடன் வாழ்ந்தார். 2003 மார்ச் 18-ஆம் நாள் அங்கேயே காலமானார். மடிக்கணினிக்கென்றே பிறந்த சென்ட்ரினோ சில்லு உலகுக்கு அறிவிக்கப்பட்டு அன்றைக்கு ஆறு நாள்களே ஆகியிருந்தன.