போக்சன், நார்மன் ராபர்ட் (1829–1891)

ஆங்கிலேய வானியலாளர். 1861 முதல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களில் எட்டைக் கண்டவர்.

நாட்டிங்காமில் பிறந்தார். ஆக்ஸ்போர்டின் ராட்கிளிஃப் வானாய்வகத்தில் இருந்தபோது ஐசிஸ் (1856), அரியாட்னி, ஹெஸ்டியா (1857) ஆகியவற்றைக் கண்டார். ஐசிஸ் என்ற பெயர் இவருடைய மகளை நினைத்து வைக்கப்பட்டது என்பர். ஆக்ஸ்போர்டில் ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர் உண்டு. விண்மீன் ஒளியளவில் ஐந்து படி வேறுபாடு நூறு மடங்கு ஒளி என்று இவர் 1856இல் வகுத்த கணக்கே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

1861 பிப்ரவரியில் சென்னை வந்தவர், ஏப்ரல் 17இல் நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஏசியா என்று பெயர். அப்போது ஒளிப்படத் தட்டின் துணை கிடையாது. தொலைநோக்கியில் தெரியும் வானத்தை விண்மீன் வரைபடத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி அடுத்த இரவு இடம் பெயர்ந்திருந்தால் அது சிறுகோள். அந்தப் பொறுமையின் பலன் சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868). சில்வியா ரோமானியத் தொன்மத்தின் ரியா சில்வியாவா, வானியலாளர் ஃபிளமரியோனின் மனைவியா என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன.

இவருடைய முதன்மை உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனைக் கண்டார். 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வை மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறுநூல் தந்ததோடு, நேரில் நோக்கிய நிலைகளைக் கொண்டு திருக்கணித பஞ்சாங்கமும் வெளியிட்டார். காரைக்காலுக்கு அருகே திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சியை இன்றும் வாக்கிய பஞ்சாங்கப்படியே கொண்டாடுகிறார்கள். இரு பஞ்சாங்கங்களுக்கும் தேதி வேறுபடும்போது எழும் பேச்சுக்கு அவர் பணியிலும் ஒரு வேர் உண்டு. போக்சனின் மகள் ஐசிஸ் 1873 முதல் தந்தைக்கு உதவினார். அரச வானியல் கழகம் 1886இல் அவரை ஏற்கவில்லை, 1920இல் சேர்த்துக்கொண்டது.

1872 நவம்பர் இறுதியில் கோட்டிங்கனிலிருந்து வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ் அனுப்பிய தந்தி வந்தது: காணாமற்போன பீலா வால்மீன் பூமியைத் தொட்டுச் சென்றிருக்கிறது, தென்வானில் தேடுக. வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் விலகிய இரண்டு விடியல்களில் போக்சன் ஒரு வால்மீனைக் கண்டார். பிறகு வானம் மூடிக்கொண்டது. சுற்றுப்பாதையைக் கணக்கிட மூன்று நோக்கல்களாவது வேண்டும். அது பீலாதானா என்பதைப் பலர் ஐயுறுகின்றனர். வேறொரு வால்மீனாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து.

அடுத்த சிறுகோளான வீரா 1885இல்தான் கிடைத்தது. 1891 ஜூனில் போக்சன் காலமானார். அதே ஆண்டின் இறுதியில் மாக்ஸ் வோல்ஃப் ஒளிப்படத்தின் வழியே சிறுகோள் காணத் தொடங்கினார்.

சிறுகோள் 1830 இவர் பெயரைத் தாங்குகிறது. சில்வியாவுக்கு இரு துணைக்கோள்கள் உண்டென்று 2005இல் தெரிந்தது. 1988இல் ஜவ்வாது மலைக் காவலூரிலிருந்து ஆர். ராஜமோகன் கண்ட சிறுகோள் 4130க்குக் கும்பகோணத்தில் வளர்ந்த கணிதவியலாளர் ராமானுஜனின் பெயர் இடப்பட்டது.