முகம் காட்டாத காதல்

நிஜாமி 1180ஆம் ஆண்டையொட்டிப் பாரசீகத்தில் இயற்றிய 'குஸ்ரூவும் ஷீரீனும்' என்னும் காவியத்தில் காதலை மூட்டுபவனே ஓர் ஓவியன்தான். இளவரசன் குஸ்ரூவின் உருவத்தைத் தீட்டி, ஷீரீன் உலவும் சோலையில் தொங்கவிடுகிறான் ஷாபூர். தோழியர் அகற்ற அகற்ற மீண்டும் தீட்டுகிறான். படத்தின்மேல் காதல் கொண்டு, ஷப்தீஸ் என்னும் கருங்குதிரையேறிப் புறப்பட்ட ஷீரீன் வழியில் ஒரு சுனையில் நீராடுகிறாள். மாற்றுடையில் அவ்வழி வரும் குஸ்ரூ அவளைக் காண்கிறான். எனினும் இருவரும் ஒருவரையொருவர் இன்னாரென்று அறியாமலே பிரிந்து செல்கின்றனர்.

பாரசீகச் சிற்றோவியர் இக்காட்சியை மீண்டும் மீண்டும் தீட்டினர். அவர்தம் கலையின் இயல்புக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி வாய்ப்பது அரிது. அவர்கள் தீட்டிய தலைவனுக்கும் தலைவிக்கும் முகம் ஒன்றே: நிலவு வட்டம், சிறிய வாய், சாய்ந்த விழி. வேட்கையோ துயரோ அதில் தோன்றுவதில்லை. உணர்ச்சியைத் தாங்க வேண்டியவை முகத்துக்குப் புறத்தேயுள்ள பொருள்களே. ஷா தஹ்மாஸ்புக்காக 1539 முதல் 1543 வரை உருவான நிஜாமி சுவடியில், குதிரைமேலிருக்கும் குஸ்ரூ விரலை வாயருகே வைத்திருக்கிறான். பாரசீகக் கவிதையிலும் ஓவியத்திலும் வியப்புக்கு வழங்கும் குறிப்பு அது. இத்தகைய ஓவியங்களில் சுனைநீருக்கு வெள்ளி பூசுவது வழக்கம். பலவற்றில் அவ்வெள்ளி காலப்போக்கில் கருத்துவிட்டது; இன்று ஷீரீன் இருண்ட நீரில் நீராடுகிறாள்!

இம்முறையின் உச்சத்தைத் தொட்டவர் பிஹ்ஸாத். ஹெராத்தில் சுல்தான் ஹுசைன் பைக்கராவுக்காக 1488இல் எழுதப்பட்ட சாஅதியின் 'பூஸ்தான்' சுவடி இன்று கெய்ரோவில், எகிப்திய தேசிய நூலகத்தில் உள்ளது. அதில் யூசுபும் ஜுலைகாவும் இடம்பெறும் ஓவியத்துக்குச் சாஅதியைவிட, 1483இல் ஜாமி இயற்றிய காவியமே அடிப்படை. ஜாமியின் ஜுலைகா ஏழு அறைகள் கொண்ட மாளிகை எழுப்பி, தானும் யூசுபும் தழுவியிருக்கும் படங்களைச் சுவரெங்கும் தீட்டச் செய்கிறாள். அந்தப் படங்களைப் பிஹ்ஸாத் வரையவில்லை. சாத்திய கதவுகள், கோணலாய் ஏறும் படிகள், ஆளற்ற அறைகள் ஆகியவற்றையே பக்கம் முழுதும் நிறைத்தார். மேல்மூலையில் யூசுப் விலகியோட, ஜுலைகா அவன் ஆடையைப் பற்ற எட்டுகிறாள். கதவு கதவாகக் கண் கடந்து வந்த பின்னரே அவள் கை தெரிகிறது. பாட்டிலுள்ளதை அப்படியே பெயர்த்தெழுதும் ஓவியனுக்கு இத்துணிவு வாராது.

பின்னாளில் ஓவியம் சுவடியை விட்டுத் தனி ஏடாயிற்று. இசுபகானில் ரிசா அப்பாசி 1630இல் தீட்டிய காதலர் இணை இப்போது நியூயார்க் பெருநகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரு உடல்களும் ஒரே வெளிக்கோட்டுக்குள் பிணைந்துள்ளன. கோட்டின் நயம் மறுக்க இயலாதது. ஆயினும் அவர்களுக்குப் பெயரில்லை. சுனை இல்லை, கதவு இல்லை, பிரிவும் இல்லை. காவியம் கைவிட்டுப்போன பின்பு காதலைச் சொல்ல ரிசாவுக்குத் தழுவல் ஒன்றே எஞ்சியது. முகங்கள் மட்டும் அப்போதும் பழைய அமைதியோடேயே இருக்கின்றன.