பந்தலுக்குப் பின் வந்த மண்டபம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இப்படிக் கடல் தாண்டித் தமிழர் திரண்டு வாழும் ஊர்களில் கர்நாடக இசை விழா என்று பேச்செடுத்தால் போதும், ‘முதலில் நல்ல மண்டபம் ஒன்று வேண்டும்’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பேச்சும் அதோடு நின்றுவிடும். இசை விழாவுக்குப் பெயர்போன சென்னையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே மண்டபம் கடைசியில்தான் வந்தது.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தீர்மானத்தில் பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேடில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சி.பி. ராமசாமி ஐயர் அதைத் தொடங்கிவைத்தார். தொடக்க விழாவே இரவல் கூரையின் கீழ்தான். பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பந்தலும் பிறர் அரங்கும்தான் கதி. சொந்தக் கட்டடத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1955 அக்டோபரில். கீர்த்தனைகள் இயற்றியவருமான மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் அதைத் திறந்துவைத்தது 1962 டிசம்பரில். கல்லுக்கும் கதவுக்கும் இடையே மட்டும் ஏழு ஆண்டுகள். ஆனால் அகாடமியின் பெருமை என்று இன்று சொல்லப்படுவதில் முக்கால்வாசி அதற்கு முன்பே கைகூடிவிட்டது. வித்வான்கள் ராக லட்சணங்களை அலசி வாதிட்ட காலை அமர்வுகள், 1930 முதல் வந்த ஆய்விதழ், 1931இல் தொடங்கிய இசை ஆசிரியர் கல்லூரி, சங்கீத கலாநிதி விருது எல்லாம் சொந்தக் கூரை இல்லாத காலத்துச் சம்பாத்தியம்.

பந்தலில் பாடினால் என்ன சுகம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மார்கழி என்றாலும் வடகிழக்குப் பருவமழை முழுதாக விடைபெற்றிருக்காது. ஈரக்காற்றில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். உருப்படிக்கு உருப்படி கல்லையும் புள்ளையும் எடுத்துத் தட்டிச் சேர்க்க வேண்டும். கீற்று ஒழுகினால் தம்பூராவுக்குத் துணி போர்த்த வேண்டும். இத்தனையும் உண்மை. ஆனால் பந்தலின் பெரிய குறையான ஒலி, ஒலிபெருக்கி வந்ததுமே பெருமளவு தீர்ந்துவிட்டது. அதற்குக் கற்கட்டடம் தேவைப்படவில்லை.

ராஜா அண்ணாமலை மன்றத்தை எதிர்ச்சாட்சியாக நிறுத்தலாம். 1943இல் உருவான தமிழ் இசைச் சங்கம், அகாடமியை முந்திக்கொண்டு 1950களின் தொடக்கத்திலேயே சொந்த மன்றம் எழுப்பிவிட்டது. செட்டிநாட்டுச் செல்வம் பின்னால் நின்றதால் வந்த வேகம் அது; மன்றத்தின் பெயரே அதைச் சொல்லும். ஆனால் அங்கும் வரிசை மாறவில்லை. தமிழில் பாடவேண்டும் என்ற கோரிக்கையும், அதைச் சுற்றி எழுந்த சண்டையும், ஆண்டு விழாவும் முதலில், மன்றம் பிறகு. பணம் இடைவெளியைக் குறைத்தது, அவ்வளவே.

மண்டபத்தால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. மற்ற மாதங்களில் வாடகை வரும், நூலகத்துக்கு இடம் கிடைக்கும், மழைக்குப் பயப்பட வேண்டாம். கூடவே ஓர் இழப்பும் உண்டு. சீட்டு வாங்க வழியில்லாதவர் பந்தலுக்கு வெளியே நின்றே முழுக் கச்சேரியையும் கேட்டுவிடலாம். சுவர் எழும்பியதும் அந்த ஓசி ரசிகர் காணாமல் போனார். ரசிகர் கூட்டத்தில் அவரையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

திருவையாற்றைப் பாருங்கள். காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்ப பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தையே கொடுத்தார்; 1925இல் குடமுழுக்கு நடந்தது. ஆராதனைக்கு வரும் வித்வான்கள் பஞ்சரத்தினம் பாடுவதோ இன்றும் பந்தலில், தரையில் அமர்ந்துதான்.

ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் ஜனவரி பிறந்தால் மழை ஓய்ந்துவிடும். தீவுத் தமிழர்கள் அந்த மாதத்தில் மூன்று நாளுக்கு ஒரு பந்தல் போடட்டும். அடுத்த ஆண்டும் போடட்டும். மனைக்கு விலை பேசுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.